நோங்க அத்தை

அடிலெய்டில் எனக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கும் வேலை. டாக்டர் இங்கிலீஷில் சொல்வதைத் தமிழ் நோயாளிக்கும், நோயாளி தமிழில் புலம்புவதை டாக்டருக்கும் சொல்ல வேண்டும். மூட்டுவலி, சர்க்கரை, பிரசவம் என்று ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் திடீரென்று ஒருநாள், "ஒரு கிரிக்கெட் கோச்சோடு இந்தியா போய் மொழிபெயர்க்க முடியுமா? ஒரு வாரம்தான். ஊர் பெயர் காரைக்குடி" என்று கேட்டார்கள். கிரிக்கெட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது லேசில் முடியாது என்பதுதான். ஆனால் நான் மதுரைக்காரி. காரைக்குடி என்று காதில் விழுந்ததும் வாயில் எச்சில் ஊறிவிட்டது. யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

கோச்சின் பெயர் மார்னி வின்ஸ்லோ. அறுபதைத் தாண்டியவர். நெட்டை உடம்பு, வெயிலில் வறுத்தெடுத்த முகம். ஒரு காலத்தில் ஆஸ்திரேலியப் பெண்கள் அணிக்கு விக்கெட் கீப்பர். இப்போது ஊர் ஊராகப் போய்ப் பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறார். மதுரையில் இறங்கிக் காரில் ஏறியதிலிருந்து வாய் மூடவில்லை. மேலூர் தாண்டுவதற்குள் அவர் பிறந்த கோதுமை ஊர் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அந்த ஊரில் பெண்களுக்கு அணி கிடையாதாம். அண்ணன்மார் ஆடும்போது ஓட்டக் கணக்கு எழுதப் போன சிறுமி, ஒருநாள் ஆள் குறைந்ததால் உள்ளே இறக்கப்பட்டாராம். அதற்குப் பிறகு கணக்கு எழுத வேறு ஆளைத் தேடிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

திருப்பத்தூர் வருவதற்குள் முழங்கால் தழும்புகளின் வரலாறும் முடிந்தது. அந்தக் காலத்தில் பெண்கள் பாவாடை மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டுமாம். பந்தைப் பிடிக்க விழுந்தால் முழங்கால் தோல் தரையோடு போய்விடும். நான் இதை டிரைவருக்குத் தமிழில் சொன்னேன். அவர் வண்டியை ஓரங்கட்டாத குறைதான். "பாவாடையோடயா பந்து பிடிச்சாக? நல்லாக் கேட்டுச் சொல்லுங்கக்கா!" என்றார். நல்லாக் கேட்டும் சொன்னேன். விடிகாலையில் தபால் வண்டி ஓட்டி, மதியம் பயிற்சி செய்து, கேக் சுட்டு விற்று இங்கிலாந்து போய் ஆடிய கதையையும் சேர்த்துச் சொன்னேன். ஊர் வந்து பெட்டிகளை இறக்கியபோது, மட்டைகள் இருந்த பெரிய பையை மட்டும் டிரைவர் யார் கையிலும் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

முதல் நாள் சாப்பிட்டதே வேலை. மெஸ்ஸில் வெள்ளைப் பணியாரம் வந்தது. மார்னி ஒன்றைப் பிட்டுப் பார்த்து, "இது இட்லிக்கு என்ன உறவு?" என்று கேட்டார். பரிமாறியவரிடம் கேட்டேன். "ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு சொல்லுங்க" என்றார். எட்டு உள்ளே போனது. காரச் சட்னியைத் தக்காளி சாஸ் என்று நினைத்து ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தவருக்குக் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. "பிடிக்கலையா?" என்று பதறினார் பரிமாறியவர். மார்னி கையை ஆட்டி, இன்னும் ஒரு கரண்டி கேட்டார். அடிலெய்டில் நான் பத்து டாலர் கொடுத்துத் தின்னும் கல்லு மாதிரி இட்லியை நினைத்து எனக்கும் கண் கலங்கியது.

மறுநாள் காலை பள்ளிக்கூட மைதானம். இருபது பெண்கள். பள்ளியில் படிப்பவர்கள், கல்லூரி போகிறவர்கள், படிப்பை முடித்தவர்கள் என்று கலந்து நின்றார்கள். பொறுப்பு லதா டீச்சருக்கு. உடற்பயிற்சி ஆசிரியை, விசில் இல்லாமல் பேசத் தெரியாதவர். மார்னி என்ற பெயர் பிள்ளைகள் வாயில் ஐந்து நிமிஷத்தில் மாரி ஆகி, பத்தாவது நிமிஷத்தில் மாரியக்கா ஆகிவிட்டது. "மாரி என்றால் என்ன?" என்று கேட்டார். மழை என்றேன். அம்மன் பெயரும் அதுதான், கோபம் வந்தால் ஊரே தாங்காது என்றும் சொன்னேன். இரண்டுமே தனக்குப் பொருந்தும் என்றார்.

மாரியக்காவின் பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் மட்டை இல்லை, வாய். ஆடுகிறவர்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு முனையில் நிற்பார்கள். பந்தை அடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் எதிரெதிராக ஓடினால்தான் ஓட்டம். ஒருத்தி ஓடி இன்னொருத்தி நின்றால் ஒருத்தி அவுட். அதனால் பந்து யார் கண்ணுக்குத் தெரிகிறதோ அவள் கத்த வேண்டும். யெஸ் என்றால் ஓடு, நோ என்றால் நில், வெயிட் என்றால் பொறு. நான்காவது சொல் கிடையாது. எனக்கே புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஜோடி ஓட ஆரம்பித்ததும் மாரியக்கா, "கால்! கால்!" என்று கத்தினார். கூப்பிடு, குரல் கொடு என்று அர்த்தம். இரண்டு பெண்களும் நடுவழியில் நின்று தங்கள் காலைக் குனிந்து பார்த்தார்கள். "கால்!" என்று மறுபடி கத்தினார். ஒருத்தி ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினாள். இன்னொருத்தி பாம்பு என்று நினைத்து ஒரே தாவாகத் தாவி ஓடிவிட்டாள். லதா டீச்சர் விசிலைக் கடித்துக்கொண்டு சிரித்தார். நான் மொழிபெயர்க்கத் தவறிய முதல் சொல் அதுதான். அதற்குப் பிறகு "கொரல் குடுங்கடி" என்பதை மாரியக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "கோரால் குட்டுங்காடி" என்று மைதானம் அதிரக் கத்தினார். காரியம் நடந்தது.

மூன்றாவதாக வந்த ஜோடி மீனாவும் செல்வியும். மீனாவுக்கு இருபது வயது, செல்விக்குப் பதினாறு. செல்வி அடித்தால் பந்து எங்கே போயிற்று என்று தேட வேண்டும், அப்படி ஒரு கை. மாரியக்கா ஒரே அடியில் அவளைக் குறித்துக்கொண்டார். ஆனால் ஓட வேண்டிய நேரம் வந்தபோது செல்வி வாயிலிருந்து வந்தது இது: "யெஸ் அத்தை, வாரீகளா?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் மீனா அவுட். அடுத்த பந்தில் ஓடக்கூடாது என்று சொல்ல வேண்டும். "நோங்க அத்தை, வேணாங்க அத்தை, அங்குட்டே இருங்க" என்றாள். மறுபடியும் மீனா அவுட். மாரியக்கா என்னைப் பார்த்தார். "நான் மூன்று சொல் கொடுத்தேன். அந்தப் பெண் ஏன் கடிதம் எழுதுகிறாள்?" என்று கேட்டார்.

லதா டீச்சர்தான் விளக்கினார். மீனா செல்வியின் அப்பாவுக்குக் கூடப் பிறந்த கடைசித் தங்கை. அத்தை முறை. அந்த வீட்டில் வயது எவ்வளவு என்பது பேச்சில்லை, முறைதான் பேச்சு. "டீ" போட்டுப் பேசினால் வீடு இரண்டாகிவிடும். "நோ மட்டும் சொல்லுன்னா, அத்தைக்கிட்ட எப்புடி டீச்சர் மொட்டையா நோன்னு சொல்றதுங்கிறா. அதான் ஒரு 'ங்க' சேத்துக்கிறா" என்றார்.

மாரியக்காவுக்கு 'ங்க' என்றால் என்ன என்று விளக்குவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. இங்கிலீஷில் ராஜாவுக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே "யூ"தான். கடைசியில், "அது மரியாதையின் வால். அதை வெட்டினால் வீட்டில் அடி விழும்" என்றேன்.

லதா டீச்சர் அன்று சொன்ன இன்னொரு விஷயம்தான் மனசில் தைத்தது. செல்வியைத் தனியாக விளையாட அனுப்புகிற வீடு இல்லை அது. அத்தை துணைக்குப் போவதால்தான் மூன்று வருஷமாக அவள் மைதானத்துக்கு வருகிறாள். தை பிறந்ததும் மீனாவுக்குக் கல்யாணம். துணை போய்விடும். அப்பாக்காரர் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை சிவகங்கையில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம். அதில் பெயர் வந்தால் செல்வி மேற்கொண்டு ஆடலாம். வராவிட்டால் இதோடு மட்டையைப் பரணில் போட வேண்டியதுதான். "சனிக்கிழமையும் 'வாரீகளா'ன்னு நின்னா எவளும் எடுக்க மாட்டா" என்றார் லதா டீச்சர். ஊருக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, அதற்குள் எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது.

மூன்றாம் நாள் பூராவும் அதே பாடம். மாரியக்கா என்னென்னவோ செய்து பார்த்தார். செல்வியை வேறு பெண்ணோடு ஓடவிட்டார். "ஏய் யெஸ்டி, ஓடியாடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெருவில் ஸ்கூட்டர் நின்றது. மறுபடி மீனாவோடு விட்டார். குரல் பம்மிவிட்டது. "வேற யாராவதோட ஆடக்கூடாதா?" என்று கேட்டேன். முடியாதாம். தொடக்க ஜோடி அவர்கள்தான், மீனாவைப் போல நின்று ஆட வேறு ஆள் இல்லை. மீனாவே ஒரு முறை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னை என்னன்னு வேணாலும் கூப்பிடு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்று சொன்னாள். செல்வி தலையைக் குனிந்துகொண்டு, "அப்படிச் சொல்லாதீக அத்தை, பாவம் வரும்" என்றாள்.

சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்தபோது மாரியக்கா தானாக ஆரம்பித்தார். இங்கிலாந்தில் ஒரு பெரிய ஆட்டம். கடைசி நேரம். ஒரு முனையில் இவர், எதிர்முனையில் கேப்டன். கேப்டன் என்றால் சாதாரண ஆள் இல்லை, இவர் சின்ன வயதில் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருந்த ஆள். கேப்டன் பந்தைத் தட்டிவிட்டு யெஸ் என்றார். பந்து போன பக்கம் ஆள் நிற்பது இவர் கண்ணுக்குத் தெரிந்தது. நோ என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது இவர் பொறுப்பு.

"வாய் வரைக்கும் வந்தது. அவருக்கு எப்படி நோ சொல்வது? நான் யார்?" என்றார். கேப்டன் அவுட். ஆட்டம் போயிற்று. அடுத்த பயணத்துக்கு இவர் பெயர் பட்டியலில் இல்லை. ஏழெட்டு வருஷ ஆட்டம் அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. "அதனால்தான் கோச் ஆனதும் முதலில் வாயைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அன்றைக்கு வராத நோ அப்புறம் ரொம்பத் தாராளமாக வர ஆரம்பித்துவிட்டது. நிர்வாகிகளுக்கு நோ, அவர்கள் மகள்மாருக்கு நோ. மாநில அணி கோச் வேலையை அதனால்தான் பிடுங்கிக்கொண்டார்கள்" என்று சொல்லிவிட்டு ஓஹோவென்று சிரித்தார். டீக்கடைக்காரர் ஏதோ நல்ல செய்தி என்று நினைத்து இரண்டு வாழைக்காய் பஜ்ஜியைச் சும்மாவே கொண்டுவந்து வைத்தார்.

நான்காம் நாள் செல்வியின் ஊரான புதுவயல். செல்வியின் அப்பாவைப் பார்த்துப் பேசினால் ஏதாவது வழி பிறக்கும் என்று மாரியக்காவுக்கு நினைப்பு. பஸ்ஸில் ஏறினோம். ஊர் எல்லைக்கு வந்ததும் பஸ் நின்றது, நின்றதுதான். அரிசி மில்லுக்கு நெல் ஏற்றிவந்த லாரிகள் இரண்டு பக்கமும் நின்றன. அரை மணி நேரம் ஆயிற்று. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மாரியக்காவோ குஷியாகி இறங்கி, ஒரு லாரி டிரைவரிடம் போய் நெல்லை அள்ளிப் பார்த்தார். அவர் ஊரிலும் அறுப்பு முடிந்தால் கோதுமை லாரிகள் இப்படித்தான் நிற்குமாம். அப்பா வரிசையில் நிற்க, பிள்ளைகள் லாரிகளுக்கு நடுவில் பந்து போடுவார்களாம். "இந்தம்மா யாரு, வெள்ளைக்கார வியாபாரியா?" என்று டிரைவர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார். கோச் என்றேன். "அப்ப ரயில் பெட்டி மாதிரியா?" என்றார். விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. மீதி தூரத்தை நடந்தே போனோம்.

செல்வியின் அப்பா முருகேசன் தச்சர். அந்தச் சமயம் நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டைப் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. நாங்கள் வருகிறோம் என்று மதியமே வந்துவிட்டிருந்தார். நல்ல மனிதர். "வாங்க வாங்க, இங்குட்டு காத்து வரும், இங்குட்டு உக்காருங்க" என்று நாற்காலியை மூன்று முறை இடம் மாற்றினார். கலர் சோடா வந்தது, முறுக்கு வந்தது, இனிப்புச் சீயம் வந்தது. மகள் நன்றாக ஆடுகிறாளா என்று கேட்டார். தான் இதுவரை பார்த்த பிள்ளைகளில் இப்படிக் கை சிலருக்குத்தான் என்று மாரியக்கா சொன்னார். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஆட்டம் கெடக்கட்டும். எம்மக கொணத்தப் பாத்தீகளா? பதினாறு வயசாச்சு. இன்ன வரைக்கும் அத்தைய ஒரு தடவ பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, வா போன்னு பேசுனதில்ல. விளையாட்டுக்குப் போனா பிள்ளைக கெட்டுப்போகும்னு ஊர்ல சொன்னாக. எம்மக அப்புடி இல்ல" என்றார். நான் இதை மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கும்போது மாரியக்காவின் முகத்தைப் பார்க்காமல் சீயத்தைப் பார்த்துக்கொண்டேன். எந்த விஷயத்தைப் பேச வந்தோமோ அதைப் பேசாமலே கிளம்பினோம். உள்ளே கதவோரம் நின்ற செல்வியும் மீனாவும் தலையை மட்டும் ஆட்டி விடைகொடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் மழை கொட்டித் தீர்த்தது. மெஸ்ஸில் உட்கார்ந்து தேங்காய்ப்பூ போட்ட கவுனி அரிசி இனிப்பைத் தின்றோம். சனிக்கிழமை காலை வானம் வெளுத்தது, ஆனால் சிவகங்கை மைதானம் சேறு. ஆட்டம் நடக்குமா என்று எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில், எங்கள் வேனின் மேலிருந்து புதுவயல் பெண்கள் நாலு மூட்டை உமியை இறக்கினார்கள். மில்லில் கேட்டு வாங்கிவந்தது. மாரியக்கா தானே கூடையில் அள்ளிப் பந்து போடுகிற இடமெல்லாம் தூவினார். "எங்கள் ஊரில் மரத்தூள். இது அதைவிட மேல்" என்றார். ஒன்பது மணிக்கு ஈரம் அடங்கியது. ஆள் எடுக்க வந்த இரண்டு அம்மாக்கள் நோட்டும் கையுமாக ஷாமியானாவுக்குள் உட்கார்ந்தார்கள்.

முருகேசன் வருவார் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டுச் சட்டையில் மரத்தூளோடு வந்து, எல்லைக்குப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி நின்றுகொண்டார். மகள் ஆடி அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவையாம்.

செல்வி அன்று அடித்த அடியை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பந்து கோட்டைத் தாண்டித் தாண்டிப் போனது. கோட்டைத் தாண்டினால் ஓட வேண்டியதில்லை, கூப்பிட வேண்டியதில்லை, அதனால் பிழைத்தோம். ஆனால் நோட்டு வைத்திருந்த அம்மாக்கள் இரண்டு முறை உதட்டைப் பிதுக்கினார்கள். "வாரீகளா அத்தை" என்று அவள் கேட்டு நின்றதில் ஓட வேண்டிய இரண்டு ஓட்டங்கள் போய்விட்டன. "அடிக்கத் தெரியுது, ஓடத் தெரியலையே" என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அதை நான் மாரியக்காவுக்குச் சொல்லவில்லை. அவரே புரிந்துகொண்டு தொப்பியைக் கழற்றிக் கசக்கிக்கொண்டிருந்தார்.

கடைசி ஓவர். மீனா அடிக்கிறாள். பந்து மட்டையின் விளிம்பில் பட்டு அவள் முதுகுக்குப் பின்னால் ஓடியது. அது எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாது, எதிரில் இருக்கும் செல்விக்குத்தான் தெரியும். செல்வி ஓட ஆரம்பித்துவிட்டாள். மீனா நாலு எட்டு வந்தவள், நடுவில் நின்று திரும்பிப் பந்தைப் பார்த்தாள். பார்க்கவே கூடாதாம். பந்தைத் தேடிப் போன பெண் அதை எடுத்துவிட்டாள்.

"ஏய் மீனா! என்னடி பாக்குற? ஓடியாடி!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. மீனா ஓடினாள். பந்து வந்தது, அவள் உமியில் குப்புற விழுந்து மட்டையை நீட்டினாள், அம்பயர் தலையை ஆட்டி அவுட் இல்லை என்றார். மாரியக்கா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். என் எடைக்கு அது சின்ன விஷயம் இல்லை. கீழே இறக்கிவிட்டதும் நான் முதலில் பார்த்தது முருகேசனைத்தான். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

ஆட்டம் முடிந்தது. பட்டியல் படித்தார்கள். செல்வியின் பெயர் இரண்டாவதாக வந்தது. மீனாவின் பெயரும் இருந்தது, ஆனால் கல்யாணம் என்று கேள்விப்பட்டதால் எழுதுவதா வேண்டாமா என்று கேட்டார்கள். முருகேசன் கோட்டோரம் வந்து, "ரெண்டு பேரையும் எழுத வேணாம். செல்வி, பையை எடு, கெளம்பு" என்றார்.

"அண்ணே, பேரு வந்துருச்சே" என்றார் லதா டீச்சர்.

"பேருதான் வந்துருச்சே, நாலு பேருக்கு முன்னால! அத்தையப் பேர் சொல்லி, டீ போட்டு!" என் பக்கம் திரும்பினார். "இந்த அம்மாவ இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தது எம்மகளுக்கு இதச் சொல்லிக்குடுக்கத்தானா? கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். நல்லதாக ஏதாவது சொல்லித் தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மாரியக்கா அவர் கண்ணைப் பார்த்து, "யெஸ்" என்றார். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. நான் அதற்குமேல் இங்கிலாந்து, கேப்டன் என்று என்னால் முடிந்ததைச் சொன்னேன். "அது உங்க ஊரு" என்று முருகேசன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். செல்வி தேம்பித் தேம்பி அழுதாள். "மன்னிச்சிருங்க அத்தை, வாய் தவறிருச்சு" என்றாள். அதைக் கேட்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

மீனா முழங்கையில் ரத்தமும் உமியுமாக நின்றாள். "அண்ணே, போன வாரம் நெற்குப்பையில நெலை தூக்கி நிறுத்துனீகளே. எத்தன பேரு தூக்குனீக?" என்று கேட்டாள். நிலை என்றால் வாசல் கதவுக்கான மரச்சட்டம். அந்த ஊர்ப் பெரிய வீட்டு நிலை ஒன்று ஒரு யானை கனம் இருக்கும்.

"ஆறு பேரு. அதுக்கென்ன இப்ப?"

"அடிப்பக்கம் யாரு புடிச்சது?"

"பெரியப்பா."

"யாரு சத்தம் குடுத்தா?"

"நாந்தேன்."

"என்னன்னு குடுத்தீக?"

முருகேசன் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினார்.

"நான் சொல்றேன். சோறு கொண்டுக்கிட்டு நானும் அங்குட்டுத்தான நின்னேன். 'ஏய், தூக்கு! விடாத! ஒம்பக்கம் எறக்குய்யா!'ன்னு பெரியப்பாவப் பாத்துத்தான கத்துனீக? எழுபது வயசு மனுசன. 'கொஞ்சம் எறக்குறீகளா பெரியப்பா'ன்னு கேட்டுக்கிட்டு நின்னிருந்தா நெலை அவுக கால்லதான் எறங்கியிருக்கும்."

"அது வேலை."

"இது எங்க வேலை."

"என்ன சொல்கிறாள், என்ன சொல்கிறாள்?" என்று மாரியக்கா என் கையைக் கிள்ளினார். நான் பொறுங்கள் என்றேன். முருகேசன் குனிந்து, காலடியில் இருந்த சுண்ணாம்புக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். பெரியப்பா வீட்டுக்கு வந்தால் இவர் உட்காரக்கூட மாட்டார் என்று பிற்பாடு லதா டீச்சர் சொன்னார். நிலை தூக்கும்போது மட்டும் வேறு கணக்கு. அந்தக் கணக்கு அவருக்குத் தெரியாததில்லை.

"செல்வி" என்றார். "கோட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் மீனா. கோட்டத் தாண்டி இங்குட்டு வந்துட்டா அத்தை. வெளங்குதா?"

"வெளங்குதுப்பா."

"மாறக்கூடாது."

"மாறமாட்டேம்ப்பா."

நான் மாரியக்காவுக்கு எல்லாவற்றையும் மடமடவென்று சொன்னேன். இத்தனை வருஷக் கோச் வேலையில் இப்படி ஒரு விதியை யாரும் எழுதவில்லை என்று குதித்தார். வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட வேண்டிய ஃபாரத்தை லதா டீச்சர் நீட்டினார். முருகேசன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். பேனாதான் வேண்டும் என்று சொல்லி டீச்சரே தன் பேனாவைக் கொடுத்தார்.

அப்போது மீனா கேட்டாள், மெதுவாகத்தான் கேட்டாள். "அப்ப கோட்டுக்குள்ள நானும் இருக்கணும்லண்ணே? இல்லாட்டி அவ யாரக் கூப்பிடுவா?"

முருகேசன் பேனாவோடு நிமிர்ந்தார். மூன்று வருஷமாக மகளுக்குத் துணைக்குப் போய்வருகிறாள் என்று அவர் நினைத்திருந்த தங்கச்சி. அவளும் ஆடத்தான் போனாள் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதோ இவ்வளவு எழுதுகிறேனே, எனக்கும் அதுவரை தோன்றவில்லை. இத்தனை நாளும் செல்வி செல்வி என்றுதான் கிடந்தேன். மாரியக்கா மறுபடியும் என்ன என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.

முருகேசன் தங்கச்சியின் முழங்கையைப் பிடித்து, ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டார். பிறகு லதா டீச்சரிடம் கையை நீட்டினார்.

"இன்னொரு ஃபாரம் குடுங்க டீச்சர். மாப்பிள்ளை வீட்டுல நான் பேசிக்கிறேன்."